எனர்ஜி ஸ்டோரேஜ்: "எரிசக்தி சேமிப்பு" இல்லீங்க, ஆற்றல் தேக்கம்

போன ஞாயித்துக்கிழமை நைட்டு டிவில ஜெர்மனி பத்தி ஒரு செய்தித்தொகுப்பு, கீழ எழுத்துல "நிலத்தடி எரிசக்தி சேமிப்பு"ன்னு ஓடுச்சு. அவரைக்காய் ஆஞ்சுட்டு இருந்த அம்மா நிமிர்ந்து பாத்து, "பூமிக்கு அடியில எப்படிடா கரண்ட மிச்சம் பிடிப்பாங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா மேல தப்பே இல்ல. டிசம்பர் 14 வந்தா "தேசிய எரிசக்தி சேமிப்பு தினம்"னு பேனர் கட்றோம், அங்க அர்த்தம் செலவ குறைக்கறது. அதே வார்த்தைய ஸ்டோரேஜுக்கும் போட்டா அவங்களுக்கு எப்படி புரியும்?

ஸ்டோர்ங்கறது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல்லு, பின்னாடி தேவைப்படும்னு இப்பவே வெச்சுக்கறது. சேமிப்பு வடமொழி க்ஷேமத்துலேர்ந்து சேமமாகி வந்தது, பத்திரப்படுத்தறதுன்னு பொருள். இலங்கைல கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்த சேமக்காலைன்னு சொல்றாங்க, அதுல அந்த பழைய பொருள் இன்னும் இருக்கு. வடமொழிங்கறதுக்காக நான் இத தள்ளல, இன்னிக்கு சேமிப்புன்னா காச மிச்சம் பிடிக்கறதுன்னு ஆகிப்போச்சு, அதான் பிரச்சன.

ஏன்னா ஸ்டோரேஜ்ல மிச்சமே கிடையாது, நஷ்டம் தான். அந்த தொகுப்புல காட்டின ஹண்டார்ஃப் நிலையத்தையே எடுங்க, 1978லேர்ந்து ஓடுது. மிஞ்சற கரண்ட்ல காத்த அழுத்தி, 600 மீட்டருக்கும் கீழ உப்புப் பாறைல கரைச்சு உண்டாக்கின ரெண்டு அறைக்குள்ள அடைச்சு வெக்கறாங்க, தேவைப்படும்போது தொறந்து விட்டு கூட கேஸும் எரிச்சு டர்பைன் ஓட்டறாங்க. போட்ட கரண்டையும் எரிச்ச கேஸையும் சேத்து கணக்கு பாத்தா திரும்பி வர்றது பாதிக்கும் கம்மி. இதுக்கு பேர் சேமிப்பா? அந்த அறைய கரைக்கவே அதோட அளவப் போல ஏழெட்டு மடங்கு தண்ணி வேணும், அவ்வளவும் கரிப்புத் தண்ணியா வெளிய வந்து எங்கயாவது போய்ச் சேரணும். இன்னொண்ணு, அழுத்தின காத்து எரியவே எரியாது, அப்புறம் என்ன எரிசக்தி? ஆற்றல்னு ஒரு நல்ல சொல்லு கைல இருக்கு.

தேக்கம்னு சொல்லுங்க. தேங்கு, தேக்கு, நீங்கு நீக்கு மாதிரி சுத்தமான தமிழ் ஜோடி. பூண்டி நீர்த்தேக்கம்னு நாம தினமும் சொல்றோம், மழைல பிடிச்சு வெயில்ல தொறந்து விடறது, ஸ்டோரேஜோட முழு அர்த்தமும் அதுல இருக்கு. ஒருத்தர் என்கிட்ட "தேக்கம்னா விற்பனை தேக்கம், பொருளாதாரத் தேக்கம், கெட்ட அர்த்தம் வருமே"ன்னு சண்டைக்கு வந்தாரு. பூண்டில தண்ணி இருக்குன்னு கேட்டா யாராவது வருத்தப்படறாங்களா? பக்கத்துல நிக்கற சொல்லு தான் பொருள முடிவு பண்ணுது.

அப்புறம் சென்னைக்காரங்களுக்கு தேக்கம்னா ஆபத்தும் சேந்தே ஞாபகம் வரும், செம்பரம்பாக்கம் ஏரின்னு சொன்னாலே 2015 டிசம்பர் வெள்ளம் தான். சேமிப்புன்னு சொன்னா அந்த பயம் வரவே வராது, எல்லாம் க்ஷேமம்னு தோணும். அதே 2015 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் அலிசோ கேன்யன்ல, எண்ணெய் தீந்த பழைய வயல்ல அடைச்சு வெச்சிருந்த கேஸ், 1953ல போட்ட ஒரு கிணத்துக் குழாய் துருப்பிடிச்சு உடைஞ்சதால வெளிய வந்துச்சு. பிப்ரவரி வரைக்கும் நிக்கல, ஒரு லட்சம் டன்னுக்கு கிட்டத்தட்ட மீத்தேன், ஆயிரக்கணக்கான குடும்பங்க வீட்ட விட்டுப் போனாங்க. "சேமிப்புல கசிவு"ன்னு எழுதினா பேங்க் கணக்குல ஏதோ ஓட்டைங்கற மாதிரி இருக்கு, "எரிவாயுத் தேக்கம் உடைஞ்சது"ன்னு எழுதிப் பாருங்க.

மொழிபெயர்க்கறவங்க அகராதில முதல்ல கிடைக்கறத எடுத்து ஒட்டிட்டுப் போறாங்க, அந்த வரிய ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சாலே தெரிஞ்சிருக்கும். நம்ம மின்வாரியத்துல அந்த காலத்துலயே கடம்பாறைக்கு நீரேற்று புனல் மின்நிலையம்னு பேர் வெச்சாங்க, தண்ணிய மேல ஏத்தி வெச்சு, தேவைப்படும்போது கீழ விட்டு கரண்ட் எடுக்கறது, என்ன நடக்குதோ அதையே சொல்லுது. செலவ குறைக்கறதுக்கு சிக்கனம்னு ஒரு சொல்லு இருக்கு, அத அங்க வெச்சுக்கலாம். விசாகப்பட்டினத்துல பாறைய குடைஞ்சு 13.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வெக்கறாங்களே, அதுக்கு தேக்கம் கூட வேணாம், மளிகைக் கடைல சொல்ற இருப்பே போதும்.