நடுக்கத்துக்கு மாத்திரை, பையில் லாட்டரிச் சீட்டு

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் நரம்பு நோயாளிகளைப் பார்க்கிறேன். கேரளம்தான் என்றாலும் வருகிறவர்களில் பலர் பேசுவது தமிழ். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு தென்னை விவசாயி, வயது அறுபதுக்கு மேல். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கை நடுங்கி, நடை தளரும் பார்கின்சன் நோய்க்கு என்னிடம்தான் இரண்டு வருடமாக மருந்து எடுக்கிறார். நடை நன்றாகத் தேறியிருந்தது. ஒருநாள் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவர் மனைவி மட்டும் திரும்ப உள்ளே வந்தார். மஞ்சப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அத்தனையும் கேரள லாட்டரிச் சீட்டு. ஒவ்வொன்றிலும் கடைசி நாலு எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம். நடுங்கும் கை போட்ட வட்டம்.

"பீடி கூடத் தொடாத மனுசனுங்க டாக்டர். இப்ப தெனமும் பார்டர் தாண்டிப் போயி வாங்கறாருங்க. தேங்காய் வித்த காசு பூராப் போச்சு. கேட்டா, ஒரே நம்பர்லதான் தவறுச்சு, நாளைக்கு உழுந்துருங்கறாரு. வயசான காலத்துல புத்தி கெட்டுப் போச்சுன்னு பையன் பேசறதே இல்லைங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ஆடிக்கு அப்புறந்தானுங்க." ஃபைலைப் புரட்டினேன். பிரமிபெக்சோல் மாத்திரையின் அளவை நான் கூட்டியது ஆனிக் கடைசியில்.

அவருக்குப் புத்தி கெடவில்லை. மாத்திரை செய்த வேலை அது.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்கின்சன். அசைவை நடத்தும் பகுதியில்தான் பற்றாக்குறை முதலில் வருகிறது. ஆசை, எதிர்பார்ப்பு இவற்றைக் கையாளும் பகுதி ஆரம்பத்தில் அவ்வளவு வறண்டு போவதில்லை. காய்ந்த வயலுக்கு மடை திறந்தால் பக்கத்து ஈர வயலிலும் தண்ணீர் ஏறி நிற்பதில்லையா, அதுபோல, டோபமைன் மாதிரி வேலை செய்யும் இந்த மாத்திரையில் கைக்குச் சரியாக இருக்கும் அளவு ஆசைப் பகுதிக்கு மிஞ்சிப் போகலாம்.

அந்த ஈர வயலில் என்ன நடக்கிறது என்பதை உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளிடம் காட்டினார். விளக்கு எரியும், பிறகு ஒரு சொட்டுப் பழச்சாறு. முதலில் சாறு வந்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. வரவேண்டிய சாறு வராவிட்டால் அந்த நேரத்தில் துடிப்பு அடங்கியது. வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருக்கும்போதுதான், காத்திருக்கும் அந்த இடைவெளியில் துடிப்பு அதிகமாக ஏறியது என்று 2003இல் அவர் குழு எழுதியது. 2017இல் அவருக்கு மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது, பீட்டர் தயன், ரே டோலன் இருவரோடும் சேர்த்து.

மத்தியானம் மூன்று மணிக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். கேரள அரசு 1967இல் லாட்டரி தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் தடை செய்தது. நம் எல்லை ஊர்க்காரருக்கு அந்தத் தடை ஒரு செக்போஸ்ட் தூரம்தான்.

இது எங்கோ ஒருவருக்கு வருவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இத்தகைய கட்டுக்கடங்காத நடத்தை இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். சூதாட்டம் மட்டுமல்ல, கண்டதையும் வாங்கிக் குவிப்பது, ராத்திரி எழுந்து தின்பது, அளவு மீறிய காம இச்சை. கடைசியதை எந்த வீட்டிலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அதனால் நாங்கள்தான் கேட்க வேண்டும். இவரிடம் நான் கேட்கவில்லை. மருந்தைக் கூட்டிய அன்றே அவர் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

ராத்திரிக் கால் குடைச்சலுக்கும் இதே மாத்திரைகள் கொடுப்பதுண்டு. வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டிருந்து, குணம் திடீரென்று மாறினால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் மனச்சோர்வும் கடுமையாக வரலாம், பார்கின்சன் இருப்பவருக்கு உடம்பும் இறுகிப் போகலாம்.

அந்த விவசாயிக்குச் சில வாரங்களில் பிரமிபெக்சோலைப் படிப்படியாகக் குறைத்து, பார்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினேன். பாஸ்புக்கை மனைவி எடுத்து வைத்துக்கொண்டார். பையனை வரச்சொல்லி, ஃபைலில் இருந்த தேதிகளைக் காட்டினேன். அடுத்த முறை மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். வலது கை நடுக்கம் முன்னைவிடச் சற்று அதிகம். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகிக்கொண்டாராம். "இது போதுங்க, மறுபடி மருந்தைக் கூட்ட வேண்டாம்" என்றார்.