மொய்யதிர்வு: திரளாத ஒன்றைத் ‘திரள்’ என்பானேன்?

மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்துப் பக்கம் நிலம் கொஞ்சம் ஆடினால் போதும், மும்பைத் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் யாராவது ஒருவர் “நிலநடுக்கத் திரள்” என்று எழுதிவிடுகிறார். யாரோ எங்கோ மொழிபெயர்த்தது, அப்படியே பரவுகிறது. அந்தப் பக்கத்துப் பொய்சரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் அதைப் படித்துவிட்டு, “அண்ணே, பெருசா ஏதோ திரண்டு வருதுன்னு போட்டிருக்கான், பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிடட்டுமா?” என்று கேட்டான். அவன் தமிழில் பிழையே இல்லை. திரள் என்றால் தமிழனுக்கு அப்படித்தான் பொருள்படும். சொல்லை ஆக்கியவருக்குத்தான் பொருள் தெரியவில்லை. அதற்கு மாற்றாக நான் சொல்வது மொய்யதிர்வு.

முதலில் விஷயம். நிலநடுக்கம் வழக்கமாக வருகிற வரிசை நமக்குத் தெரியும். பெரிய அதிர்வு ஒன்று, அதன் பின்னே சிறு சிறு பின்னதிர்வுகள். அந்தப் பின்னதிர்வுகள் நாளாக நாளாகக் குறையும். எந்தக் கணக்கில் குறையும் என்பதை ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஓமோரி 1894இலேயே சொல்லிவிட்டார். சில இடங்களில் இந்த வரிசை இருப்பதில்லை. ஒரே வட்டாரத்தில் நாள்கணக்காக, சில சமயம் ஆண்டுக்கணக்காக, அதிர்வுகள் வந்துகொண்டே இருக்கும். இதுதான் முதன்மை அதிர்வு, மற்றவை இதன் பின்னே வந்தவை என்று எதையும் காட்ட முடியாது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்வார்ம்’ என்கிறார்கள். நிலத்தடியில் நீரோ வாயுவோ எரிமலைக் குழம்போ விரிசல்களுக்குள் நகர்வது பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

சொல் பிறந்தது ஜெர்மன் மொழியில். இன்றைய செக் நாட்டின் மேற்கு பொஹீமியாவில் 1824இல் மக்கள் உணர்ந்த நூறு வரையிலான அதிர்வுகளை ஆராய்ந்த யோசெஃப் க்னெட், 1899இல் ‘ஷ்வார்ம்பேபென்’ என்றார். படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் தேனீக்கள் மொய்த்தாற்போல இருக்கிறது என்பது கருத்து. இத்தாலியர்களும் தேனீக் கூட்டத்தைக் குறிக்கும் ‘ஷாமே’ என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள் ‘குன்பட்ஸு’, கூட்டமாக எழுவது, என்கிறார்கள். நம் பூகம்பம் வடமொழி. பூ என்றால் நிலம், கம்பம் என்றால் நடுக்கம். நிலநடுக்கம் தமிழ். இதில் சண்டை இல்லை, மேலே போகலாம்.

சண்டை ‘திரள்’ மேல்தான். தமிழில் எதெல்லாம் திரளும்? மேகம் திரளும், மழை வரும். கண்ணீர் திரளும், சொட்டும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையை யார்தான் கேட்டதில்லை! அந்தப் பழமொழியின் வலியே, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிதறிக் கிடந்தது ஒன்றாகியிருக்கும் என்பதுதானே. பல சேர்ந்து ஒன்றாவதும், அந்த ஒன்றிலிருந்து ஏதோ விளையப் போவதும் திரளுக்குள் இருக்கின்றன. ‘மக்கள் திரள்’ என்கிறோமே என்பார்கள். சரி, அங்கேயும் பாருங்கள்: மக்கள் திரண்டார்கள் என்று படித்ததும், எதற்குத் திரண்டார்கள், அடுத்து என்ன செய்தார்கள் என்றுதான் மனம் போகிறது.

மொய்த்துக்கொண்டு வரும் சிறு அதிர்வுகளோ கூடி ஒன்றாவதில்லை. நிலநடுக்க அளவில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு படி ஏறினால் சுமார் ஆயிரம் மடங்கு. அதாவது 4 அளவுள்ள அதிர்வுகள் ஆயிரம் வந்தால்தான் 6 அளவுள்ள ஒன்றின் ஆற்றலுக்கு ஈடாகும். ஆகவே சிறியவை சேர்ந்து பெரியதாகத் திரண்டுவிடும் என்பதும் தப்பு, சின்னச் சின்னதாக வந்து அழுத்தம் தீர்ந்துவிடும், இனிக் கவலை இல்லை என்பதும் தப்பு. இரண்டாவது தப்பின் விலையை இத்தாலியின் லாக்விலா நகரம் கொடுத்தது. அங்கே மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் வந்தன, ஊராருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது. 2009 ஏப்ரல் 6 அன்று பெரியது வந்து 309 பேர் இறந்தார்கள். தப்பாக ஆறுதல் சொன்னார்கள் என்று அறிவியலாளர்கள் மேல் வழக்கே நடந்தது. 2012இல் தண்டனை, 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் ஆறு பேருக்கும் விடுதலை. அதனால் இந்த நிகழ்வுக்கு வைக்கும் பெயர் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. ‘திரள்’ சொல்லிவிடுகிறது.

‘தொடர் நிலநடுக்கம்’ என்பது தொலைக்காட்சிக்காரர்களின் செல்லப்பிள்ளை. பின்னதிர்வுகளும் தொடராகத்தானே வருகின்றன, வேறுபாடு எங்கே? ‘கூட்டம்’ என்றால் தாராவியில் மேடையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். ‘கொத்து’ பரவாயில்லை, ஆனால் கொத்து ஓரிடத்தில் காம்போடு நிற்பது. இங்கே அதிர்வுகள் இடம் மாறிக்கொண்டே போகும்.

ஆகவே மொய். ஈ மொய்க்கும், எறும்பு மொய்க்கும், வண்டு மொய்க்கும். பல, சிறியவை, நெருக்கமாக, ஓயாமல். தலைமை என்று எதுவும் இல்லை. உண்மையில் ஐரோப்பியர்களின் உவமையைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் கூடு விட்டுக் கிளம்பும் தேனீக் கூட்டத்துக்கு ஒரு ராணி உண்டு, எறும்பு மொய்த்த சர்க்கரைக்கு யார் ராணி? முன்னதிர்வு, பின்னதிர்வு என்ற சொற்கள் ஏற்கெனவே வழக்கில் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் மொய்யதிர்வு ஒழுங்காக உட்காருகிறது. மெய்யெழுத்து எப்படிச் சேர்ந்ததோ அப்படியே சேர்ந்திருக்கிறது, புணர்ச்சியிலும் குறை இல்லை.

மாட்டுங்காவில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “கல்யாண மொய்யா? கவர்ல போட்டுக் கொடுக்கணுமா தம்பி?” மொய் கொச்சை, திரள்தான் செந்தமிழ் என்பது அவர் கட்சி. ஐயா, ‘மொய்குழல்’ என்று பக்திப் பாடல்களில் எத்தனை இடத்தில் வருகிறது! அடர்ந்த கூந்தலுக்குச் சொன்ன சொல் அதிர்வுக்கு மட்டும் கொச்சையாகிவிடுமா? கேலிக்குப் பயந்தால் தமிழில் ஒரு சொல்லும் மிஞ்சாது. எனக்குத் தூய்மை முக்கியம்தான், ஆனால் கேட்டவனுக்குத் தப்பாகப் புரிகிற தூய்மை எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்லியும் பயனில்லை. ஆங்கில வாக்கியத்தைப் பார்க்கிறார்கள், அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைக்கிறார்கள். எந்த நாட்டில் எந்த அளவை முறையில் அளந்தாலும் நம் செய்தியில் “ரிக்டர் அளவுகோலில்” என்றுதான் வரும், ரிக்டரின் பழைய அளவுகோலைப் பெரிய நடுக்கங்களுக்கு இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்றாலும். நிலத்துக்குள்ளே அதிர்வு தொடங்கும் இடத்தையும் அதற்கு நேர் மேலே தரையில் உள்ள இடத்தையும் சேர்த்து “மையம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பிறகு “மையம் பத்து கிலோமீட்டர் ஆழத்தில்” என்று எழுதுவார்கள், “மையம் இன்ன கிராமம்” என்றும் எழுதுவார்கள். கிராமம் ஆழத்தில் இருக்கிறதா என்ன?

பால்கருக்கு வருகிறேன். அந்த மாவட்டத்து டஹாணு என்பது நம் மேற்கு ரயில்வே லோக்கல் போய் நிற்கிற ஊர், சர்ச்கேட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். டஹாணு, தலாசரி தாலுக்காக்களில் 2018 நவம்பரில் இந்த ஆட்டம் தொடங்கியது. 2019 பிப்ரவரி 1 அன்று வந்ததன் அளவு 4.1. துந்தல்வாடி சுற்று வட்டாரத்தில் வீட்டுக்குள் படுக்கப் பயந்து மக்கள் கூடாரங்களில் தங்கினார்கள். ஆட்டத்தோடு வெடிச் சத்தமும் கேட்கும் என்பார்கள். என் தம்பி சொல்வது, முதலில் தூரத்தில் டமார், அப்புறம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, அவ்வளவுதான், அதற்குள் முடிந்துவிடும். அங்கே எரிமலை எதுவும் இப்போது இல்லை, இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்த தக்காணப் பாறை. எரிமலைக்குப் பக்கத்தில் வந்ததைப் பார்க்க வேண்டுமானால் 2025இன் தொடக்கத்தில் கிரேக்கத்துச் சாண்டோரினி. அங்கே 11,000 பேருக்கு மேல் தீவை விட்டே கிளம்பினார்கள். இரண்டுக்கும் மொய்யதிர்வு பொருந்துகிறது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மொய்யதிர்வு என்பது ஒற்றை அதிர்வையா, மொத்தத்தையா குறிக்கும்? நான் இப்படி எழுதுகிறேன்: மொத்த நிகழ்வு மொய்யதிர்வு, அதற்குள் வருகிற ஒவ்வொன்றும் வெறும் அதிர்வு. “டஹாணுவில் மொய்யதிர்வு தொடங்கியுள்ளது, நேற்றிரவு மூன்று அதிர்வுகள் உணரப்பட்டன.” என் தம்பிக்கு இதை அனுப்பினேன். “அப்ப இப்போதைக்குப் பை கட்ட வேண்டாம், ஆனா அலமாரியைச் சுவத்தோட சேத்து ஆணி அடிச்சிடறேன்” என்று பதில் போட்டான்.