"இவருக்குப் புத்தி கொடும் ஆண்டவரே"

பாளையங்கோட்டையில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற கிறிஸ்தவத் தம்பதிகளிடம் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "வீட்டில் ஜெபம் எப்படி நடக்கிறது? யார், என்ன சொல்லி ஜெபிப்பீர்கள்?"

ஒரு தம்பதியின் பதில் மறக்கவே முடியாதது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் கணவர் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார், மனைவி ஜெபிப்பார். "ஆண்டவரே, இவருக்குப் புத்தி கொடும். சம்பளத்தை அவங்க அம்மா கையிலேயே கொடுக்கிற மனதை மாற்றும்." மறுநாள் கணவர் முறை: "கோபமாய்ப் பேசுகிற நாவை அடக்கியருளும்." ஆமென் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

பகலில் முகம் பார்த்துச் சொல்லத் துணியாததை, ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். கேட்கிறவரால் பதில் பேசவும் முடியாது. ஜெபத்துக்கு நடுவில் யார் குறுக்கே பேசுவார்கள்?

இருவரிடமும் ஒன்றே ஒன்று சொன்னேன். ஒரு மாதத்துக்கு, அடுத்தவரைத் திருத்தச் சொல்லி ஜெபிக்க வேண்டாம். முழங்காலில் நிற்பதற்கு முன், "இன்றைக்கு உனக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். என்ன சொல்கிறாரோ அதை மட்டும், அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜெபியுங்கள்.

முதல் இரண்டு வாரமும் தலைவலி, முதுகுவலி என்றே போனது. மூன்றாவது வாரம் கணவர், "கடையில ஆள் குறைக்கப் போறாங்க. என் பேரும் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றாராம். மனைவிக்கு அதுவரை தெரியாது. அம்மாவிடம் கொடுத்த பணமும் அம்மா பேரில் போட்ட சீட்டுக்குத்தான். வேலை போவதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கிறார். "எனக்கு அன்னைக்கு ஜெபமே வரலக்கா. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழத்தான் முடிஞ்சுது" என்றார் அந்தத் தங்கை.

அமெரிக்காவில் லாம்பர்ட், ஃபின்சாம் முதலிய உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தனக்கு நெருக்கமானவரின் நன்மைக்காக ஜெபித்தவர்களிடம் மன்னிக்கும் மனம் கூடியதாகச் சொல்கிறது. நான் பார்ப்பதும் அதைத்தான். ஒருவருடைய பயத்தை என் வாயால் ஆண்டவரிடம் சொன்ன பிறகு, அவரை எதிராளியாக நினைப்பது கஷ்டம். 1 பேதுரு 3:7இல், மனைவிக்குரிய கனத்தைக் கொடுங்கள் என்று புருஷர்களுக்குச் சொல்கிற பேதுரு, அதற்குக் காரணமாக "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்கிறார். வீட்டில் மதிப்பில்லாமல் நடத்திவிட்டு ஜெபத்தில் மட்டும் ஒருமனப்பட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூச்சம் பெரிய தடை. சபையில் எழுந்து நின்று அழகாக ஜெபிக்கிற ஆண்களுக்குக்கூட மனைவி முன்னால் வார்த்தை வராது. சரி, இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தோடு தொடங்குங்கள். இருவரும் சேர்ந்து சொல்ல அது போதும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, அவர்களுடைய வேதாகமத்தில் உள்ள தோபித்து நூலின் 8ஆம் அதிகாரம் இருக்கிறது. தோபியாவும் சாராவும் திருமண இரவில் எழுந்து மன்றாடி, இருவருமாக "ஆமென், ஆமென்" என்கிறார்கள். பிள்ளைகளோடு செய்கிற குடும்ப ஜெபம் வேறு. கணவன் மனைவிக்கென்று ஐந்து நிமிடமாவது தனியாக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி உதை இருக்கிற வீட்டில், "ஜெபித்துப் பொறுத்துக்கொள்ளம்மா" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. சபைப் பெரியவர்களும் சில நேரம் இதைச் செய்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. முதலில் அவள் பத்திரமாக இருக்கட்டும். குடிக்கு அடிமையானவருக்குச் சிகிச்சையும் வேண்டும்.

அந்தத் தம்பதிக்கு வந்தால், கணவருக்கு வேலை போகத்தான் செய்தது. இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். மறுநாள் அவருக்கு வேறொரு கடையில் இன்டர்வியூ. கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று கேட்டார்: "அக்கா, ராத்திரிதான் ஜெபிக்கணுமா? நாளைக்கு அவர் கிளம்புறதுக்கு முன்னாடி காலையிலயும் ஜெபிக்கலாம்ல?"