பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரைப் பார்த்து ஸ்கிம்மர் வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் மீன் டேங்க் பார்க்க நான் போன மூன்றாவது வீடு இது. கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலை ஆறு மணிக்கே போன் செய்தார். "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்டும் இல்ல."

போய்ப் பார்த்தேன். நாலடி கடல் மீன் டேங்க், சுமார் 340 லிட்டர். உள்ளே ஒரு லயன் மீன், கடையில் டிரிகர் என்று விற்கிற கிளாத்தி ரெண்டு, கையகலத்துக்கு ஒரு ஏஞ்சல் மீன். கீழே சம்ப்பை, அதாவது டேங்குக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியைத் திறந்தால், டம்ளரைவிடக் கொஞ்சம் பருமனாக ஒரு ஸ்கிம்மர் (காற்றுக் குமிழால் கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி). கோப்பையில் ஆறிப்போன டீ மாதிரி கால் இன்ச் தண்ணீர். அவ்வளவுதான் அது ஒரு வாரத்தில் எடுத்த அழுக்கு.

"பெட்டியில 400 லிட்டர்னுதானே தம்பி போட்டிருக்கு? நம்மளது 340 தானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சரி, ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ஸ்கிம்மர் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் மீன் கழிவையும் தீனிக் கசிவையும், அவை அழுகுவதற்கு முன்னால், நுரையோடு வெளியே தள்ளுகிறது. அப்படியென்றால் எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதா கணக்கு, எவ்வளவு தீனி என்பதா? ஒரே அளவுக் கூடம் இரண்டு. ஒன்றில் வயதான தம்பதி இரண்டு பேர். இன்னொன்றில் வலிமா என்கிற கல்யாண விருந்து, நூறு சஹன் தட்டுச் சோறு. கூடத்தின் நீள அகலத்தை அளந்துவிட்டு இரண்டுக்கும் ஒரே குப்பைத் தொட்டி போதும் என்பீர்களா? 340 லிட்டரில் இரண்டு க்ளவுன் மீன் வைத்திருப்பவர் அந்தத் தம்பதி. தினம் இரண்டு வேளை இறால் தின்னும் கிளாத்தி வைத்திருப்பவர் வீட்டில் தினமும் வலிமா.

பல கம்பெனிகள் இரண்டு மூன்று அளவு கொடுக்கின்றன: குறைந்த மீன், நடுத்தரம், நிறைய மீன். பெட்டியின் முகப்பில் பெரிதாக இருப்பது முதலாவது. கடைசிக் கணக்கு உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் கிடக்கும். பல சமயம் முகப்பில் இருப்பதில் பாதிதான் இருக்கும். அந்தத் தாளைப் படியுங்கள். அதில் மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கும் என்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாத ஸ்கிம்மரை நான் யாருக்கும் வாங்கிக் கொடுப்பதில்லை. காக்கா வீட்டுக்கு மணிக்கு 600 லிட்டர் காற்றாவது இழுப்பது வேண்டும்.

அதற்காக, 'பெரியதாக வாங்கினால் தப்பே இல்லை' என்று இரண்டு க்ளவுன் மீனுக்கு ஆளுயர ஸ்கிம்மர் மாட்டுவதும் வேண்டாம். தண்ணீரில் சரக்கு இல்லாவிட்டால் நுரை கழுத்துவரை ஏறாது, பாதியிலேயே உடைந்து உடைந்து விழும். அப்புறம் ஸ்கிம்மர் ரிப்பேர் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

அடுத்து நம் ஊர் நோய். "கடல் வாசல்லயே கிடக்கு, குடத்துல மொண்டு ஊத்துனாப் போச்சு, ஸ்கிம்மர் எதுக்கு?" மண்டபம், பாம்பன் பக்கம் இதைச் சொல்லாத ஆள் இல்லை. வாடைக்காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், கோடைக்காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா). 2019 செப்டம்பரில் நாக்டிலூகா பாசி பெருகி மன்னார் வளைகுடாவில் தண்ணீர் பச்சையாகிப் போனது ஞாபகம் இருக்கிறதா? ஆக்சிஜன் குறைந்து மீனும் பவளமும் செத்தன. அந்த வாரம் குடத்தோடு போனவர் எதை மொண்டு வந்திருப்பார்? தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், நானும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றச் சொல்கிறேன். ஆனால் ஸ்கிம்மர் தினமும் செய்கிற வேலை வேறு. காற்று பலமாக அடித்த மறுநாள் தனுஷ்கோடிக் கரையில் பழுப்பு நுரை ஒதுங்கிக் கிடக்குமே, அதை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். கடலே அந்த வேலையைச் செய்துகொள்கிறது.

காக்கா வீட்டுக்குத் திரும்புவோம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைக் கழற்றி ஊதினேன், காற்றே போகவில்லை. முனையில் அரிசி மணி அளவுக்கு உப்பு இறுகியிருந்தது. வாரம் ஒருமுறை அந்தக் குழாயில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் விடுங்கள், இரண்டு நிமிட வேலை. கோப்பையின் கழுத்தையும் துடையுங்கள். சோப்பு கூடவே கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு டேங்குக்குள் கையை விடாதீர்கள். எண்ணெய் பட்டால் நுரை படுத்துவிடும். சூடை மீனை அரைத்துத் தீனியாகப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் அடம் பிடிக்கும், நுரையே வராது அல்லது பொங்கி வழியும். தினமும் வால்வைத் திருகாதீர்கள். வாங்கும் முன் சம்ப்பின் உயரத்தையும், அதில் ஸ்கிம்மர் நிற்கும் தடுப்பில் தண்ணீர் எத்தனை இன்ச் நிற்கிறது என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்த மட்டம் ஏறி இறங்கினால் எந்த ஸ்கிம்மரும் ஒழுங்காக ஓடாது. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், நம் ஊர் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. கரண்ட் போனால் தானாக ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். அழுக்கு சேர்ந்த சூடான தண்ணீரில் ராத்திரி ஆக்சிஜன் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதை அன்று காலை அந்த ஏஞ்சலின் செவுளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். அந்த டேங்கில் அலங்காரத்துக்கு இரண்டு பவளத் துண்டு இருந்தது, "கரையில கிடந்தது தம்பி" என்றார். கல்பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. செத்த துண்டானாலும் எடுக்காதீர்கள். 'ரீஃப் டேங்க்' (பவளப்பாறை மாதிரி அடுக்கிய தொட்டி) வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் செயற்கைப் பாறைதான் அடுக்கிக் கொடுக்கிறேன்.

காக்காவுக்கு அடுத்த வாரம் புது ஸ்கிம்மர் வருகிறது. கிளாத்தி இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.