சைலேஜ்: பதனத் தீவனமா, ஊறுகாய்ப் புல்லா?

கால்நடை வளர்ப்போர் பேச்சில் அன்றாடம் புழங்கும் ‘சைலேஜ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈடுகள் உள்ளன. பதப்படுத்திய பசுந்தீவனம், பதனத்தாள், ஊறுகாய்ப் புல் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் குற்றமில்லை என்றே பலர் கருதுகின்றனர். ஆனால் முதல் இரண்டும் சொல்வது ஒன்று, மூன்றாவது சொல்வது வேறொன்று. அந்த வேறுபாடு தீவனத்தைச் செய்யும் முறையையே தொடுவதால் சற்று நின்று பார்க்கத் தக்கது.

முதலில் பொருள். அறுத்த பசும்புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இடையில் காற்று தங்காதபடி மிதித்து அழுத்தி, மூடி வைத்தால், புல்லிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் புளிக்கச் செய்கின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 4 வரை இறங்குகிறது. அந்தப் புளிப்பில் அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் பெருக முடியாததால், காற்றுப் புகாதவரை புல் பல மாதங்கள் கெடாமல் நிற்கிறது. இவ்வாறு புளித்து நிலைத்த தீவனமே சைலேஜ்.

இனிச் சொல்லின் பிறப்பு. ஆங்கிலச் சொல்லான சைலேஜ், ‘என்சைலேஜ்’ என்பதன் குறுக்கம். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் அதற்கு அடியான ‘சிலோ’ என்பதை ஸ்பானிய மொழியிலிருந்து பெற்றனர். ஸ்பானியத்தில் சிலோ என்பது தானியத்தை இட்டு வைக்கும் நிலத்தடிக் குழி. அதற்கு அப்பால், தானியக் குழியைக் குறிக்கும் ‘சிரோஸ்’ என்ற கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக வந்ததென்பது நெடுநாள் கருத்து. ஸ்பெயினின் வடக்கே வழங்கும் பாஸ்க் மொழியில் துளையைக் குறிக்கும் சொல்லோடு இணைத்துப் பார்ப்போரும் உண்டு. எந்த வழியில் சென்றாலும் நாம் போய்ச் சேர்வது ஒரு குழியில்தான். பிரெஞ்சு வேளாளர் ஒகுஸ்த் கோஃபார் பசிய மக்காச்சோளத்தைக் குழியிலிட்டுக் காக்கும் முறையைப் பல ஆண்டுகள் செய்து பார்த்து 1877இல் நூலாக வெளியிட்ட பின்னர், முறையும் சொல்லும் சேர்ந்தே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின.

ஆகவே சைலேஜ் என்ற சொல் புல்லை வைக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, அந்த இடத்தில் புல்லுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லவில்லை. புளிப்பின் பங்கை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியவர் பின்லாந்தின் வேதியியலாளர் ஆர்த்துரி இல்மாரி வீர்த்தானென். புல்லின் மேல் நீர்த்த அமிலத்தைத் தெளித்துப் பி.எச். அளவை உடனே 4க்குக் கீழே கொண்டுவந்தால் கேடு நின்றுவிடுகிறது என்று அவர் நிறுவினார். அந்த முறை அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே ஏ.ஐ.வி. முறை எனப்பட்டது. 1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, தீவனத்தைக் காக்கும் இம்முறை தனியே சுட்டப்பட்டது. மாட்டுத் தீவனத்திற்கு அத்தகைய மதிப்புக் கிடைத்ததை எண்ணும்தோறும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

‘பதனம்’ என்றால் காப்பு. பதனத்தாள் என்றால் காத்து வைத்த தாள், அதாவது பயிர்த்தண்டு. இது பிழையன்று, ஆனால் குறைவானது. காத்து வைப்பது மட்டுமே வேலை என்று எண்ணுகிறவர் புல்லை நறுக்காமலும் அழுத்தாமலும் குவித்து, மேலே விரிப்பைப் போர்த்திவிட்டு அமைதியடைகிறார். உள்ளே தங்கிய காற்றால் புல் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. ஈரம் வடியாத புல்லாயின், புளிப்பு ஏறுவதற்கு முன்பே பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் முந்திக்கொள்ள, குழியைத் திறக்கும்போது முடை நாற்றம் வீசுகிறது. மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

‘ஊறுகாய்ப் புல்’ என்ற பெயரோ, மூடிய கலத்துக்குள் ஒரு மாற்றம் நிகழ வேண்டும், அதற்கு நாள் கொடுக்க வேண்டும், இடையில் திறக்கக் கூடாது என்ற மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் உணர்த்திவிடுகிறது. ஊறுகாயைப் பெரிதும் உப்பே காக்க, புல்லை அதன் சொந்தச் சர்க்கரையிலிருந்து பிறக்கும் அமிலம் காக்கிறது என்பதால் உவமை முழுதும் பொருந்தாது என்பர். உண்மைதான். ஆயினும் ‘ஊறு’ என்ற வினை உப்பைக் குறிப்பதன்று. ஒன்றினுள் கிடந்து தன்மை மாறுவதைக் குறிப்பது. அந்த வினையே இங்கு வேண்டியது.

மக்காச்சோளத்தையும் சோளத்தையும் ‘புல்’ எனலாமா என்றும் ஒரு வினா எழும். தாவரவியலில் இரண்டும் புல் குடும்பத்தவை. தமிழ் மரபும் இதற்கு இடம் தருகிறது: புறத்தே வைரம், அதாவது கெட்டித்தன்மை, கொண்டவை புல், அகத்தே வைரம் கொண்டவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. வெளியே வன்தோலும் உள்ளே மென்சோறும் கொண்ட சோளத் தட்டை அந்த இலக்கணத்துக்குள் இயல்பாக அடங்கும். குதிரைமசால் போன்ற பயறு வகைகள் மட்டும் இப்பெயருக்கு வெளியே நிற்கின்றன. அவை சர்க்கரை குறைவாகவும் அமிலத்தை எதிர்க்கும் தன்மை மிகுதியாகவும் உடையவை என்பதால் தனித்து ஊறவும் எளிதில் இணங்குவதில்லை.

பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் இச்சொல் முன்னிலும் அடிக்கடி நம் காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. புல்லை உலர்தீவனமாக்கி அடுக்க வேண்டுமானால் அதன் ஈரம் 15 விழுக்காட்டளவுக்கு இறங்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து சில நாள் வெயில் வேண்டும். அறுவடை நேரத்தில் எதிர்பாராத மழை வந்தால் அந்த வாய்ப்புப் போய்விடுகிறது. ஊறவைப்பதற்கோ, ஈரம் போக எஞ்சும் உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடு இருந்தால் போதும். மணி பால்பிடித்து மாவாகத் திரளும் பருவத்தில் அறுத்த மக்காச்சோளமும் சோளமும் பெரும்பாலும் உலர்த்தாமலேயே அந்நிலையில் இருக்கும். கம்பு நேப்பியர் போன்ற நீர் மிகுந்த புல்லைச் சில மணி நேரம் வாடவிட்டு, சர்க்கரைக் குறையை ஈடுசெய்யக் கரும்பாலைக் கழிவுப்பாகைத் தெளிப்பது நல்லது.

வெப்பம் மிகும்போது புல் விரைவில் முற்றுகிறது. தண்டை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறிச் செரிமானம் குறைகிறது. எனவே முற்றும்வரை வயலில் நிறுத்தி வைப்பதைவிட, உரிய பருவத்தில் ஒருமிக்க அறுத்து ஊறவிடுவது சத்தைக் காக்கும் வழி. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் பெருகும் நச்சுச் சயனைடும் ஊறும்போது பெருமளவு குறைகிறது. அதே பயிரில் சேரும் மற்றொரு நச்சுப்பொருளான நைட்ரேட் ஓரளவே குறையும். அத்தகைய பயிரைக் குழியிலிட்ட முதல் சில வாரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சுவளி வெளிப்படக்கூடும் என்பதால், அந்நாள்களில் மூடிய குழிக்குள் எவரும் இறங்கலாகாது.

பெயர்ச்சொல் ஊறுகாய்ப் புல்லாகவே நிற்கட்டும். வினைக்குப் ‘புல்லை ஊறவிடுதல்’ போதும். சிலோவை மட்டும் ‘ஊறுகுழி’ என்று சுருக்க நான் தயங்குகிறேன், ஏனெனில் ‘ஊறு’ என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டு. ‘புல் ஊறற்குழி’ என்பது சற்று நீண்டாலும் மயக்கம் தராது. குழியில்லாமல் கோபுரத்திலோ பையிலோ ஊறவிடும்போது ‘ஊறற்கோபுரம்’, ‘ஊறற்பை’ என்று அதே அடியிலிருந்து சொற்கள் கிளைக்கும்.