"மதியம் எங்க சாப்பிடுவீங்க?"

சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக இதே நாற்காலி. அதனால் வேலை தேடும் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் டெஸ்டிங் பிரிவுக்கு ஒரு பையன் வந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம், மெக்கானிக்கல் முடித்தவன். பெங்களூரில் இரண்டே முக்கால் வருட அனுபவம் என்றது ரெஸ்யூமே. டெக்னிக்கல் ரவுண்டில் தேறி என்னிடம் வந்தான். செய்த ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான். அதே வங்கி ப்ராஜெக்டை, அதே வரிசையில், அந்த மாதத்திலேயே வேறு இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். சரி என்று பேச்சை மாற்றி, "அந்த ஆபீஸ்ல மதியம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"கேன்டீன்ல மேடம்."

"கேன்டீன் எந்த மாடி?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்காமலே மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், நான் பெங்களூர் போனதே இல்ல" என்றான்.

ஒரு பயிற்சி நிலையத்தில் 1,20,000 ரூபாய் கட்டியிருக்கிறான். நாலு மாத கோர்ஸ், அதோடு சேர்த்து ஒரு 'செட்': ஆஃபர் லெட்டர், மூன்று மாத பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர், போனில் கேட்டால் "ஆமாம், இங்கேதான் இருந்தார்" என்று சொல்ல ஒரு ஆள். அம்மாவின் செயின் அடகுக்குப் போயிருக்கிறது. ஏன்ப்பா இப்படி என்றதற்கு, "படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆச்சு மேடம். கேப் இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றான்.

இந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் எதிரே உட்கார்ந்தவர்களில், கேப், அதாவது வேலையில்லாத இடைவெளி, இருந்தது என்பதற்காக மட்டும் நான் திருப்பி அனுப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை மறைக்கப் போய் மாட்டியவர்களை எண்ண இரண்டு கையும் போதாது.

எப்படி மாட்டுகிறார்கள்? நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதெல்லாம் ஒரு சின்ன வித்தை. உண்மையான சல்லடை பி.எஃப். கணக்கு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிடும். கணக்கு தொடங்கியவருக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் வரும். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதன் பதிவில் வரிசையாக நிற்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர்கள் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். பி.எஃப். பிடிக்கவில்லை என்று சமாளித்தால், சம்பளத்தில் வரி பிடித்த விவரம் இருக்கும் வருமான வரிப் படிவத்தையும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கையும் கேட்பார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பல இடங்களில் இந்தச் சோதனை வேலையில் சேர்ந்த பிறகுதான் முடியும். பையன் சேர்ந்து, பி.ஜி. விடுதியில் அட்வான்ஸ் கொடுத்து, ஊரில் எல்லோருக்கும் சொல்லி, மூன்றாவது மாதம் ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வருவான். அதுவரை வெறும் கேப் இருந்த இடத்தில் இப்போது 'நீக்கப்பட்டவர்' என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

கேப் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டமாக ஃப்ரெஷர்களை எடுக்கும் பெரிய நிறுவனங்கள் இன்ன வருடம் முடித்தவர்கள், பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் நிலுவை கூடாது என்று கோடு போட்டுத்தான் வடிகட்டுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் அந்தக் கதவு மூடிவிட்டது. அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஆனால் நூறு, இருநூறு பேர் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற இடங்களில் கோடு இவ்வளவு கறாராக இருக்காது. "இந்த ஒன்றரை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று நான் கேட்பது குற்றம் சாட்ட அல்ல. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன், கிடைக்கவில்லை என்றால் அது பதில். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்தேன் என்றால் அதுவும் பதில். சும்மா இருந்தேன் என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனையும் எடுத்தோம், நன்றாகத்தான் வேலை செய்கிறான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். 2022 நிலவரப்படி இளம் பட்டதாரிகளில் வேலையில்லாதவர்கள் 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். படித்த படிப்புக்கு வேலை வரும் என்று காத்திருக்க வைப்பதும் படிப்புதானே. அதோடு, 2022-இல் ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு 2024 வரை சேரும் தேதிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். கையில் லெட்டர் வைத்திருந்தவனுக்கே அந்த நிலைமை என்றால், வேலை கிடைக்காததற்கு உங்கள் பிள்ளையின் சோம்பேறித்தனம் மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ரெஸ்யூமே அனுப்பினால் பதிலே வருவதில்லை என்பது எல்லோருடைய புகார். நியாயமான புகார்தான். நாலு பேர் வேண்டும் என்று ஒரு விளம்பரம் போட்டால் இரண்டே நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. முதலில் வந்தவற்றைப் படிப்பேன், தெரிந்தவர்கள் மூலம் வந்தவற்றைப் படிப்பேன், பத்துப் பன்னிரண்டு பேர் தேறியதும் நிறுத்திவிடுவேன். மீதியை நான் திறக்கவே இல்லை. ஆகவே பதில் வராத இடங்கள் பலவற்றில் உங்களை யாரும் நிராகரிக்கவில்லை, பார்க்கவே இல்லை. விளம்பரம் வந்த அன்றே அனுப்புங்கள். உங்கள் கல்லூரியின் சீனியர் யாராவது அங்கே இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். இது சிபாரிசு பிடிப்பது ஆகாது. பல நிறுவனங்களில் ரெஃபரலில் ஆள் சேர்ந்தால், அனுப்பிவிட்டவருக்கே பணம் கொடுக்கிறார்கள்.

படிக்கிற ரெஸ்யூமேயில் என்ன இருக்கிறது? முதல் வரியில், சவாலான சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தோடு வளர விரும்புகிறேன் என்று ஒரு லட்சியம், எல்லோருக்கும் ஒரே லட்சியம். கடைசியில் மேற்கண்டவை உண்மை என்று ஒரு உறுதிமொழி. நடுவில் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ஒரு தானியங்கிப் பாசனக் கருவி.

துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு வந்திருந்தாள். பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரெஸ்யூமேயில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன செய்கிறார்கள் என்றேன். அப்பா உரக்கடை வைத்திருக்கிறார் என்றாள். பில் எல்லாம் யார் போடுவது? "நான்தான் மேடம், பிளஸ் டூவிலிருந்து." கொஞ்சம் தூண்டினேன். "உரத்துக்கு 5 பர்சென்ட், பூச்சிமருந்துக்கு 18. ஒரே ஆள் ரெண்டும் வாங்குவாரு, ஒரே பில்லுல தனித்தனியாப் பிரிக்கணும். கடன் வாங்கிட்டுப் போறவங்க அறுப்பு முடிஞ்சுதான் தருவாங்க, அதுக்குத் தனி நோட்டு. ஆடிட்டர்ட்ட மாசா மாசம் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்." இதையெல்லாம் ஏன்மா எழுதவில்லை என்று கேட்டால், "அது வீட்டு வேலைதானே மேடம்" என்கிறாள். இல்லாத அனுபவத்தை ஒருவன் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கி எழுதுகிறான். நாலு வருட அனுபவத்தை இவள் எழுதாமல் விட்டிருக்கிறாள். அவளை எடுத்துக்கொண்டோம்.

பணம் கேட்கும் வேலைகளுக்கு வருகிறேன். நிறுவனம்தான் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், செக்யூரிட்டி டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய நிறுவனத்தின் லோகோவோடு ஆஃபர் லெட்டர் வந்தால் லோகோவைப் பார்க்காதீர்கள், மெயில் முகவரியில் '@'க்குப் பிறகு இருப்பதைப் படியுங்கள். அந்த நிறுவனத்தின் இணையதளப் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு நாலு நாள் தள்ளிப்போடாமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ஒன்று சுற்றுகிறது. இதில் முதலில் பணமே கேட்க மாட்டார்கள், அதனால் நம்பிவிடுவோம். ஆன்லைனில் ஒப்பந்தம் போட வைத்து, முடிக்கவே முடியாத வேலையைக் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள், தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், ஆறாயிரம் கட்டாவிட்டால் கேஸ் என்று 'வக்கீல்' போன் செய்வார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் கம்மலை விற்றுக் கட்டியிருக்கிறாள். பார்ட் டைம் என்று சொல்லி உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள் இன்னும் ஆபத்து. யாரையோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கில் வந்து போகும், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

வெளிநாட்டு வேலை என்றால், கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்ற பெயர்களைக் கேட்டதுமே காது கூர்மையாகட்டும். கம்ப்யூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், ஆன்லைன் மோசடி செய்ய அடைத்து வைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளை 2022 முதலே மீட்டு வந்துகொண்டிருக்கிறார்கள். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் விஷயத்தில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீடு திரும்புங்கள். வேலையில் சேரும்போது எழுதி வாங்கும் பாண்ட் கொஞ்சம் சிக்கலானது. கோர்ட்டில் செல்லாது என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அது பாதி உண்மை. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்று தடுப்பதை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஏற்பதில்லை. ஆனால் இத்தனை வருடம் இருப்பேன் என்று எழுதிக்கொடுப்பது வேறு. மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டில் படித்துப் பாருங்கள். ஒரு நாள்கூடத் தர மாட்டேன் என்பவரிடம் மூன்று வருடம் எப்படி இருப்பது?

இதற்கு நடுவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பல பேருக்குத் தெரிவதில்லை. தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரென்டிஸ். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உண்டு. மத்திய அரசின் நாட்ஸ் (NATS) தளத்தில் பதிய வேண்டும். தென் மாநிலங்களுக்கான வாரியம் தரமணியில் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், நெய்வேலி நிறுவனம் முதல் தனியார் தொழிற்சாலைகள் வரை எடுக்கிறார்கள். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று 2019-இல் நிர்ணயித்தார்கள். முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒரு வருடம் எங்கே சாப்பிட்டோம் என்று சொல்ல ஓர் இடம் இருக்கும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் பழைய காலத்துப் பதிவு என்று ஒதுக்காதீர்கள். போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், தனியார் நிறுவனங்களை வரவழைத்து முகாம் வைக்கிறார்கள். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கிடையாது. அறுநூறு இன்டர்வியூவுக்குப் போய்வரும் பஸ்ஸுக்கே காணாதுதான்.

பெற்றோருக்கு ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பி என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "தேடிக்கிட்டு இருக்கான்" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லுங்கள். அவன் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பேச்சு நின்றுபோனால் அது சோம்பல் இல்லை. மனநல உதவிக்கான 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தக் கள்ளக்குறிச்சிப் பையனை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அந்த இரண்டே முக்கால் வருடத்தை அழித்துவிட்டு மெக்கானிக்கல் ரெஸ்யூமேவை மட்டும் அனுப்பச் சொன்னேன். இப்போது ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரென்டிஸ். பயிற்சி நிலையத்தில் போய்ச் சண்டை போட்டு, போலீசுக்குப் போவேன் என்று சொல்லி 30,000 திரும்ப வாங்கியிருக்கிறான். மீதிக்கு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார்களாம். செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டியை மட்டும் உதவித்தொகையிலிருந்து மாதா மாதம் அவனே கட்டுகிறான்.