ரோமானியரின் குட்டை வாள் எப்படி வேலை செய்தது?

கி.மு. 200-இல் தொடங்கிய இரண்டாம் மாசிடோனியப் போரின் ஆரம்ப நாட்கள். ரோமானியருடன் நடந்த ஒரு சிறு மோதலில் இறந்த தன் குதிரை வீரர்களின் உடல்களை மாசிடோனிய அரசர் ஐந்தாம் பிலிப் முகாமுக்குக் கொண்டுவரச் செய்தார். முறைப்படி அடக்கம் செய்தால் படைக்குத் தெம்பு வரும் என்பது அவர் எண்ணம். நடந்ததோ வேறு. தோளோடு துண்டான கைகளையும் தலையற்ற உடல்களையும் கண்டு வீரர்கள் வெலவெலத்துப் போனார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. ஈட்டியும் அம்பும் உண்டாக்கும் காயங்களை மட்டுமே அவர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அந்தக் காயங்களுக்குக் காரணம் கிளேடியஸ் என்ற வாள். ஸ்பெயினில் போரிட்டபோது அங்கிருந்த மக்களிடமிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்ட வடிவம் இது. தொடக்கத்தில் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் இருந்த அலகு, கி.பி. முதல் நூற்றாண்டில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியது.

இவ்வளவு குட்டையான வாளால் என்ன பயன் என்று தோன்றலாம். கேடயத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ரோமானியக் காலாட்படை வீரனின் இடக்கையில் சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள வளைந்த கேடயம். அதை எதிரியின் மேல் மோதி நெருங்கிவிட்டால், நீண்ட வாளை ஓங்க அங்கே இடமே இருக்காது. குட்டை வாளைக் கேடயத்தின் ஓரமாகச் செருகலாம். கையை ஓங்கினால் விலாப்புறம் திறந்துவிடும், குத்தும்போது உடல் மறைவிலேயே இருக்கும். இரண்டு அங்குலம் இறங்கிய குத்தே உயிரைப் பறிக்கும் என்று பிற்காலத்தில் ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் எழுதினார்.

இதற்குப் பின்னால் இருப்பது அழுத்தம் பற்றிய எளிய இயற்பியல். விசை ஒன்றே என்றாலும், அது விழும் பரப்பு சுருங்கச் சுருங்க அழுத்தம் கூடும். கோணி ஊசி சாக்கைத் துளைப்பதும் இப்படித்தான். ஆனால் இதைக் குத்துவாள் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இருபுறமும் கருக்குள்ள வாள் இது; மாசிடோனியர் கண்ட கோரம் வெட்டினால் வந்தது.

குத்தும்போது அலகு வளையக் கூடாது. அதற்காகப் பல வாள்களின் குறுக்குவெட்டு நடுவில் தடித்துச் சாய்சதுரமாக இருந்தது. உலோகத்தில்தான் உண்மையான சிக்கல். இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகும். அக்கால உலைகளில் அந்தச் சூட்டை எட்ட முடியவில்லை. கிடைத்தது கசடு கலந்த, கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. கொல்லர்கள் அதைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்துக் கசடை வெளியேற்றினார்கள். கார்பன் கூடினால் எஃகு கடினமாகும், நொறுங்கவும் செய்யும், குறைந்தால் வளையும். எனவே சிறந்த வாள்களில் மென்மையான இரும்பை நடுவில் வைத்து, கருக்குகளுக்கு எஃகைப் பற்றவைத்தார்கள். எல்லா வாள்களும் அந்தத் தரத்தில் இல்லை என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன.

சாதாரணக் காலாட்படை வீரர்கள் கிளேடியஸை வலது இடுப்பில் அணிந்தார்கள். அலகு குட்டை என்பதால், இடக்கைக் கேடயத்தில் இடிக்காமல் அதே பக்கத்துக் கையால் மேல்நோக்கி உருவிவிடலாம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குள், குதிரைப்படையினர் வைத்திருந்த ஸ்பாத்தா என்ற நீண்ட வாள் காலாட்படைக்கும் வந்துவிட்டது. வளைந்த கேடயத்தின் இடத்தைத் தட்டையான நீள்வட்டக் கேடயம் பிடித்தது. வாளும் இடது இடுப்புக்கு மாறியது.